கரும்பலகையில் எழுதிய அந்த 80 பேர்



இரண்டு மாதமாக சார் எதுவும் எழுதவில்லையே என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்ற பழைய துறைமுக நகரம். நலமாக இருக்கிறேன். குளிர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

இன்று எழுதப்போவது ஓர் ஒயின் விருந்தைப் பற்றி. "நம்ம சாரா? ஒயினா?" என்று அங்கே புருவம் உயர்வது இங்கே தெரிகிறது. சாக்பீஸ் துண்டை எறிந்து உங்களைத் திருத்திய அதே சார்தான். முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள். உங்களுக்கு நான் நடத்திய ஒரு பாடத்தில் விட்டுப்போன பகுதி அந்த விருந்தில்தான் எனக்குப் புரிந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது.

மேல்நிலை வகுப்புக்குப் பொருளியல் ஆசிரியர் இல்லாத ஆண்டுகளில் அந்தப் பாடத்தையும் நானே எடுத்தேன். நினைவிருக்கிறதா? டேவிட் ரிக்கார்டோ 1817-இல் எழுதிய நூலில் வரும் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். இரண்டு நாடு, இரண்டு பொருள். போர்ச்சுகலில் ஒரு குறிப்பிட்ட அளவு ஒயின் செய்ய ஓராண்டுக்கு 80 பேர் போதும், துணி நெய்ய 90 பேர். இங்கிலாந்தில் அதே துணிக்கு 100 பேர், அதே ஒயினுக்கு 120 பேர். இரண்டையுமே போர்ச்சுகல் மலிவாகச் செய்ய முடியும். இருந்தாலும் அது ஒயினை மட்டும் செய்து, துணியை இங்கிலாந்திடம் வாங்கினால் இருவருக்கும் லாபம். ஒப்பீட்டுச் செலவு நன்மைக் கோட்பாடு, பத்து மதிப்பெண். நீங்களும் மனப்பாடம் செய்து எழுதினீர்கள், நானும் முழு மதிப்பெண் போட்டேன்.

அந்த 80 பேர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அப்போது எனக்கே தெரியாது.

மகள் வீட்டுக்குப் பக்கத்தில் எழுபத்தெட்டு வயதான ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் இருக்கிறார். அவரும் அவருடைய பழைய நண்பர்கள் ஐந்து பேரும் ஆண்டுக்கொரு முறை கூடி, பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்த போர்ட் ஒயினைத் திறந்து சுவை பார்ப்பார்களாம். "மாமா, நீங்க ஹிஸ்டரி வாத்தியார்னு சொன்னேன். கண்டிப்பா கூட்டிட்டு வரச் சொல்றார்" என்றார் மாப்பிள்ளை. நான் முடியவே முடியாது என்றேன்.

காரணம் உறவுகளுக்குத் தெரியும். மாணவர்களுக்கு நான் சொன்னதில்லை. என் தம்பியைக் குடிக்குப் பறிகொடுத்தவன் நான். நாற்பத்தோரு வயதில் போனான். கடைசி இரண்டு ஆண்டுகளில் அவனைத் தூக்கி வந்து திண்ணையில் கிடத்திய இரவுகளுக்குக் கணக்கில்லை. அன்றிலிருந்து மது இருக்கும் இடத்தில் நான் உட்கார்ந்ததில்லை. திருமண வீடுகளில்கூட அந்தப் பக்கம் போனதில்லை.

மகள்தான் சொன்னாள். "குடிக்க வேணாம்ப்பா. போய்க் கேட்டுட்டு வாங்க. அவங்க பேசறதே உங்க கிளாஸ் மாதிரிதான் இருக்கும்."

போனேன்.

மேசையில் நான்கு பாட்டில். 1977, 1970, 1963 என்று ஆண்டு எழுதிய மூன்றும், நாற்பது ஆண்டு வகை என்று குறித்த ஒன்றும். 1963 பாட்டிலின் கார்க் மக்கிப்போயிருந்தது. திருகினால் உதிர்ந்து உள்ளே விழுந்துவிடும். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். நீண்ட பிடியுள்ள இரும்பு இடுக்கியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, கார்க்குக்குக் கீழே பாட்டிலின் கழுத்தைச் சுற்றிப் பிடித்தார்கள். ஒரு நிமிடம் கழித்து இடுக்கியை எடுத்துவிட்டு, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை அதே இடத்தில் வைத்தார்கள். டக் என்ற சத்தத்தோடு கழுத்து கத்தியால் வெட்டியதுபோல் துண்டாக வந்தது. வெப்பத்தால் விரிந்த கண்ணாடி திடீரென்று சுருங்கினால் என்ன ஆகும்? ஒன்பதாம் வகுப்பு அறிவியல்.

பிறகு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அடியில் படிந்த வண்டல் வராமல், மெல்லிய துணியில் வடிகட்டிக் கண்ணாடிக் கூஜாவில் ஊற்றினார்கள். ஒவ்வொரு கோப்பையிலும் இரண்டு விரற்கடை அளவுதான். முகர்வார்கள், பேசுவார்கள், ஒரு துளி சுவைப்பார்கள், மறுபடி பேச்சு. நான்கு மணி நேரத்தில் பாதிக்கு மேல் மிச்சம். நான் அறிந்த குடியின் முகம் இதுவல்ல.

கூஜாவை எப்போதும் இடப்பக்கம் இருப்பவருக்குத்தான் நகர்த்த வேண்டுமாம். வந்ததைக் கையில் வைத்துக்கொண்டு நான் விளக்கைப் பார்த்தபடி இருந்தேன். எதிரே இருந்தவர் மிகப் பணிவாக, "நார்விச் பிஷப்பைத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார். "தெரியாதே ஐயா, நான் ஊருக்குப் புதிது" என்றேன். "மிக நல்ல மனிதர். ஆனால் கூஜாவை அடுத்தவருக்குத் தள்ள மறந்துவிடுவார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகுதான் விவரம் தெரிந்தது: கூஜாவைத் தள்ள மறந்தவரிடம் கேட்பதற்கென்றே இங்கே வழிவழியாக இருக்கும் கேள்வி அது. முகத்துக்கு நேரே குறை சொல்லமாட்டார்கள், பிஷப் தலையில் போட்டுவிடுவார்கள்.

இனி பாடத்துக்கு வருவோம்.

போர்ட் ஒயின் விளைவது வடக்கு போர்ச்சுகலில் தோரு என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருப்பது போர்ட்டோ நகரம். அந்தப் பெயருக்கே துறைமுகம் என்றுதான் பொருள். திராட்சைச் சாறு புளிக்கும்போது அதிலுள்ள சர்க்கரை சாராயமாக மாறும். அது பாதியில் இருக்கும்போதே, ஏறக்குறைய நான்கு பங்கு சாறுக்கு ஒரு பங்கு திராட்சைச் சாராயத்தை ஊற்றிவிடுவார்கள். இட்லி மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர் போல இதிலும் ஒன்று உண்டு. அது சாராயத்தின் கடுமை தாங்காமல் செத்துவிடும். மாறாத சர்க்கரை அப்படியே இனிப்பாகத் தங்கும். கெட்டுப்போகாமல் ஐம்பது அறுபது ஆண்டு நிற்பதும் அதனால்தான்.

ஆங்கிலேயர் ஏன் போர்ச்சுகலுக்குப் போனார்கள்? அவர்களுக்குப் பிடித்தது பிரெஞ்சு ஒயின். பிரான்சோடு ஓயாத பகை, தடை, போர். ஒயின் வேண்டும், பிரான்ஸ் வேண்டாம். அப்போது கையெழுத்தானது 1703-ஆம் ஆண்டின் மெத்துவென் உடன்படிக்கை. ஆங்கிலேயக் கம்பளித் துணிக்குப் போர்ச்சுகல் தன் கதவைத் திறந்தது. பதிலுக்குப் போர்த்துகீசிய ஒயினுக்கு, பிரெஞ்சு ஒயினுக்கு உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான வரி. ரிக்கார்டோவின் துணியும் ஒயினும் வந்த இடம் இதுதான். கணக்கில் இல்லாத ஒன்றும் நடந்தது. துணிக்கு ஈடாக ஒயின் மட்டும் போதவில்லை. பிரேசில் சுரங்கங்களில் அடிமைகள் தோண்டிய தங்கமும் லிஸ்பன் வழியாக லண்டனுக்குப் போனது. இதில் ஒரு வேடிக்கை, ரிக்கார்டோவின் முன்னோர்களே போர்ச்சுகல் வழிவந்த யூதர்கள்.

கிராக்கி கூடினால் கலப்படம் வரும். எல்டர் என்ற கறுப்புப் பழத்தைச் சேர்த்து ஒயினுக்கு நிறம் ஏற்றினார்கள். பெயர் கெட்டது, விலை விழுந்தது. 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பனை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியபின் நாட்டையே தன் கையில் வைத்திருந்த அமைச்சர், பின்னாளில் பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்றவர், 1756-இல் ஒரு கம்பெனியைத் தொடங்கினார். எந்த மலையின் திராட்சை ஏற்றுமதிக்கு, எது உள்ளூருக்கு என்று பிரித்து, முந்நூறுக்கும் மேற்பட்ட கருங்கல் தூண்களை எல்லையாக நட்டார்கள். பல தூண்கள் இன்றும் நிற்கின்றன. எல்டர் செடிகளை வேரோடு பிடுங்கச் சொன்னார். ஒரு விளைபொருளுக்கு எல்லை வகுத்து, விதி எழுதி, மேற்பார்வைக்கு அமைப்பும் வைத்த முதல் முயற்சிகளில் இது ஒன்று. நம் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்குகிறோமே, அதற்கு இதை ஒரு முப்பாட்டன் எனலாம்.

அதே கம்பெனிக்கு இன்னொரு உரிமையும் கிடைத்தது. போர்ட்டோ நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் சில்லறையாக ஒயின் விற்கும் ஏகபோகம். அரசு ஆதரவில் ஒரே கடைக்காரர். நமக்குப் பழக்கமான ஏற்பாடுதான். சின்னச் சின்ன மதுக்கடை வைத்துப் பிழைத்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1757 பிப்ரவரி 23, சாம்பல் புதன்கிழமை, போர்ட்டோ மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நகரத்துக்குள் படை இறங்கியது. விசாரணை நடந்து பலர் தூக்கிலிடப்பட்டார்கள். சிறந்த ஒயின் கப்பலேறியது. இரண்டாம் தரத்தைக் குடிப்பதற்கும் உள்ளூர்க்காரன் கம்பெனியைக் கேட்க வேண்டியிருந்தது.

இப்போது அந்த 80 பேரைப் பார்ப்போம்.

தோரு பள்ளத்தாக்கில் மண் கிடையாது. மலை முழுக்கப் பலகை பலகையாகப் பிளக்கும் பாறை. அதைக் கடப்பாரையால் உடைத்து, பெரிய கற்களைச் சாந்தில்லாமல் சுவராக அடுக்கி, சிறிய துண்டுகளைப் பின்னால் கொட்டி, அதைத்தான் மண் என்று வைத்துக் கொடி நட்டார்கள். செங்குத்தான மலையில் அடிவாரம் முதல் உச்சி வரை படிக்கட்டாகச் சுவர்கள். கட்டியவர்களில் பெரும்பகுதி ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து பிழைப்புத் தேடி நடந்தே வந்த கூலிகள். ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம் என்று சொல்லப்படும் பூமி. 2001-இல் யுனெஸ்கோ அந்த மலைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கோயில் கட்டிய சிற்பிக்கு நம் ஊரில் பெயர் தெரியாததுபோல, அந்தச் சுவர்களைக் கட்டியவர்களுக்கும் பெயரில்லை.

அறுவடைக் காலத்தில் பெண்கள் குலை பறிப்பார்கள். ஆண்கள் நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் கூடை தொங்க, வரிசையாகச் செங்குத்துப் படி இறங்குவார்கள். இரவில் கருங்கல் தொட்டிக்குள் முழங்காலுக்கு மேல் திராட்சை. அதில் ஆண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, ஒருவர் கணக்குச் சொல்ல, இடது வலது என்று மணிக்கணக்கில் மிதிப்பார்கள். முதல் கட்டம் முடிந்தபின்தான் இசைக்கும் ஆட்டத்துக்கும் அனுமதி. பகல் முழுக்கச் சுமந்த அதே கால்கள்.

பிறகு பீப்பாய்களில் ஏற்றி ஆற்றில் அனுப்புவார்கள். ரபேலோ என்ற தட்டை அடிப் படகு, ஒற்றைப் பாய், பின்னால் நீண்ட திசைத் துடுப்பு. வழியெங்கும் பாறையும் சுழலும். வலெய்ரா என்ற இடத்தில் 1861 மே 12 அன்று ஒரு படகு கவிழ்ந்தது. அதில் இருந்தவர் ஜோசப் ஜேம்ஸ் பாரஸ்டர், ஆங்கில வணிகர். தோரு ஆற்றுக்கு முதன்முதலில் துல்லியமான வரைபடம் வரைந்தவர். ஒயினில் சாராயம் கலப்பதை எதிர்த்து, சக வணிகர்களின் பகையைச் சம்பாதித்தவர். தான் வரைந்த ஆற்றிலேயே மூழ்கினார், உடல் கிடைக்கவில்லை. அதே படகில் இருந்த தோனா அந்தோனியா ஃபெரேரா என்ற பெரும் நிலக்கிழார் அம்மையார், அகலப் பாவாடை காற்றடைத்து மிதந்ததால் பிழைத்தார் என்பது இன்றும் சொல்லும் கதை. இந்த இருவர் பெயரும் எல்லா நூலிலும் உண்டு. அதே ஆற்றில் ஆண்டுதோறும் உயிரைப் பணயம் வைத்த படகோட்டிகளின் பெயர்கள் இல்லை. பின்னால் ரயில் வந்தது, அணைகள் வந்தன, ரபேலோக்கள் இன்று சுற்றுலாப் படம்.

1860-களில் பிலாக்செரா என்ற கண்ணுக்கே சரியாகத் தெரியாத பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து வேர்களைத் தின்றது. மலை மலையாகக் கொடிகள் செத்தன. குடும்பங்கள் பிரேசிலுக்குக் கப்பலேறின. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டித்தான் மீண்டும் பயிர் வந்தது. திரும்ப நடாமல் கைவிட்ட படிகளை அங்கே "செத்த நிலம்" என்ற பொருளில் அழைக்கிறார்கள். இன்றும் புதர் மண்டிக் கிடக்கின்றன.

இந்தக் கதைகளில் பாதியை அந்த ஆறு பேர் சொன்னார்கள். மீதியை வீட்டுக்கு வந்து நான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு விஷயத்தை மட்டும் நான் அவர்களுக்குச் சொன்னேன். எங்கள் நாகப்பட்டினத்தில் 1658-இல் டச்சுக்காரர் பிடிக்கும்வரை போர்த்துகீசியர் இருந்தார்கள். அவர்கள் போனாலும் சொற்கள் போகவில்லை. அவர்கள் பீப்பாயைப் பீபா என்பார்கள், நாங்கள் பீப்பாய் என்கிறோம். மேசா எங்களுக்கு மேசை. கோப்போ எங்களுக்குக் கோப்பை. இந்த அறையில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடமும் கையில் பிடித்திருப்பதும் என் தாய்மொழியில் போர்த்துகீசியப் பெயரோடுதான் இருக்கின்றன என்றேன். பெரியவர் எழுந்து வந்து கை குலுக்கினார்.

பிறகு 1963 வந்தது.

போர்ட்டில் இரண்டு முறை உண்டு. மரப் பீப்பாயில் பல்லாண்டு வைத்தால் காற்றுப் பட்டு நிறம் வெளுத்துத் தேன் நிறமாகும். அன்று இருந்த நாற்பது ஆண்டு வகை அப்படிப்பட்டது. நெய்யில் வறுத்த முந்திரி வாசம். இன்னொன்று, மிக நல்ல விளைச்சல் ஆண்டில் மட்டும், இரண்டு மூன்று ஆண்டுக்குள் பாட்டிலில் அடைத்து இருட்டில் படுக்க வைப்பது. அது பாட்டிலுக்குள்ளேயே மெல்ல மெல்லப் பக்குவப்படும். 1977 இன்னும் கறுஞ்சிவப்பாக முரட்டுத்தனமாக இருந்தது. 1970 பீப்பாயில் கப்பலேறி வந்து, இதே பிரிஸ்டலில் பாட்டிலில் அடைத்தது. அதற்குச் சில ஆண்டுகளில் அந்த வழக்கம் நின்று, போர்ச்சுகலிலேயே அடைக்க வேண்டும் என்றாகிவிட்டது. 1963 பழைய செங்கல்லின் நிறத்துக்கு வந்திருந்தது. அந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த ஆண்டுகளில் அது ஒன்று என்று மேசையே அமைதியானது.

எனக்கு வேறு காரணத்தால் பேச்சு வரவில்லை. 1963 என் தம்பி பிறந்த ஆண்டு.

அந்த ஆண்டு போர்ச்சுகலில் என்ன நடந்தது என்று நான் கணக்குப் போட்டேன். சலசாரின் சர்வாதிகாரம். 1961-இல் கோவா கைவிட்டுப் போயிற்று. அதே ஆண்டு அங்கோலாவில் போர் தொடங்கியது, 1963-இல் கினியாவுக்கும் பரவியது. இளைஞர்கள் கட்டாய ராணுவத்துக்கு ஆப்பிரிக்கா போனார்கள், அல்லது தப்பித்துக் கால்நடையாக எல்லை தாண்டி பிரான்சுக்குப் போனார்கள். மலையில் மிதிக்கக் கால் இல்லை. ஆள் பற்றாக்குறையால்தான் அடுத்த சில ஆண்டுகளில் இயந்திரங்கள் நுழைந்தன. பெரும்பாலும் மனிதக் கால் மிதித்த கடைசிப் பெரும் விளைச்சல்களில் ஒன்று என் முன்னால் இருந்த கோப்பையில் இருந்தது. மிதித்த பையன்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டு அங்கோலாவில் இருந்தார்களோ.

பாட்டிலின் மேல் ஓர் ஆங்கில வணிகக் குடும்பத்தின் பெயர் மட்டும் அச்சாகியிருந்தது.

ஒரு மிடறு குடித்தேன். மறைப்பதற்கு இல்லை. முதலில் கருப்பட்டிப் பாகின் இனிப்பு, பிறகு உலர்ந்த அத்திப்பழம், கடைசியில் தாத்தா வீட்டு மரப்பெட்டியைத் திறந்தால் வரும் வாசம். விழுங்கியபின்னும் நெடுநேரம் நாக்கில் நின்றது. அழகான பொருள்தான். ஐயமில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அந்த அழகு என் தம்பியின் கணக்கைத் தீர்த்துவிடாது. அறுபது ஆண்டு பொறுத்திருந்து ஒரு பாட்டிலைத் திறக்க முடிகிறவனுக்கு மது ஒன்று. கூலி வாங்கிய அன்றே தீர்த்துவிடுகிறவனுக்கு அது வேறு ஒன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை, "எப்படி இருந்தது மாமா?" என்றார். "பாடம் நடத்தி முடிக்கலை மாப்பிள்ளை" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். ரிக்கார்டோவின் கணக்கை நீங்களும் கரும்பலகையில் எழுதுவீர்கள். கணக்கு சரியானதுதான், மாற்ற வேண்டாம். எழுதி முடித்ததும் ஒரு நிமிடம் நிறுத்தி, 80 என்ற எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். கலீசியாவிலிருந்து நடந்து வந்தவர், நெற்றிப்பட்டையில் கூடை சுமந்தவர், தொட்டியில் மிதித்தவர், வலெய்ரா சுழலில் படகு ஓட்டியவர் என்று நான்கு பேரையாவது சொல்லுங்கள். நான் சொல்லத் தவறியது அது. மதிப்பெண்ணுக்கு வராது. ஆனால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

வீட்டுப்பாடம் இல்லாமல் விடுவேனா? உங்கள் வீட்டில் எத்தனை போர்த்துகீசியச் சொற்கள் புழங்குகின்றன என்று எண்ணி கீழே எழுதுங்கள். சாவி, அலமாரி, சன்னல் மூன்றையும் நானே சொல்லிவிட்டேன், அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்